‘பிடி’ என்று நான் சொன்னது

எங்கள் வீட்டில் கார் இல்லை, கார் ஷெட் இருக்கிறது. ஆஸ்டின் டவுனில் வீட்டை வாங்கியபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் மரம் அறுக்கும் பேண்ட் சா ஒன்று நிற்கிறது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை, நடுவே மரத்தைத் தள்ள ஒரு மேசை. நான் எழுதுகிறவன். வாக்கியம் நகராத நாட்களில் என் கைகள் என்னை அங்கே இழுத்துப் போய்விடும். மரம் நகரும். கோடு போட்ட இடத்தில் வளையும். அதுவே பெரிய ஆறுதல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிளேடு அறுப்பதை விட்டுவிட்டு மரத்தைக் கரிக்க ஆரம்பித்திருந்தது. தேக்கு தீயும் வாசனை சமையலறை வரை போய், என்ன சமையல் நடக்கிறது இங்கே என்று கேட்டபடி என் மனைவி ஷெட்டு வாசலுக்கு வந்தாள்.

அவள் ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரி. நான் இந்த ஊரிலேயே பிறந்த தமிழன். எங்கள் வீட்டுப் பேச்சு தமிழில் ஏறிக் கன்னடத்தில் இறங்கும். சண்டை வந்தால் மட்டும் ஆளுக்கொரு மொழியில் பிரிந்துகொள்வோம். கடைகளிலிருந்து வரும் பட்டுப் புடவைகளுக்கு முந்தானைக் குச்சு கட்டுவது அவளுடைய தொழில். ஓர நூல்களைப் பிரித்து, முறுக்கி, முடிச்சு போட்டு, மணி கோக்க வேண்டும். மயிரிழை தப்பினால் வரிசை முழுவதும் கோணிக்கொள்ளும். அவளுக்கு வேண்டியது ஒரு ஜன்னலும் இரண்டு கண்களும்தான்.

பிளக்கைப் பிடுங்கினேன். மேலே இருக்கும் திருகைத் தளர்த்தினேன். கதவுகளைத் திறந்ததும் பழைய பிளேடு தொய்ந்து கையோடு வந்துவிட்டது. புதியது சிவாஜிநகர்க் கடையிலிருந்து மூன்று வளையமாக மடித்து, மெல்லிய கம்பியால் கட்டி வந்திருந்தது. பார்ப்பதற்குச் சாது. ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. கட்டை அவிழ்த்தால் என் இடுப்பு உயரத்துக்கு விரியும். பழகியவர்கள் தனியாகவே பிரிப்பார்கள். கையை நீட்டி ஒரு உதறு, அது தானாக விரிந்து வட்டமாகிவிடும். எனக்கு அந்தத் தைரியம் வந்ததே இல்லை. ஜாக்கிரதையாகச் செய்வோம் என்றுதான் அவளைக் கூப்பிட்டேன்.

கம்பியை நான் வெட்டி, ஒரு வளையத்தை நான் பிரிப்பதாகவும், மற்ற இரண்டையும் அவள் அழுத்திப் பிடித்திருப்பதாகவும் ஏற்பாடு. கையுறை ஆளுக்கொரு ஜோடி இருந்தது. கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான். அது என் மூக்கின் மேல் இருந்தது.

அவள் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. பயந்தால் அவள் அப்படித்தான் நிற்பாள். அதனால் நான் கன்னடத்துக்கு மாறினேன். நிதானா, நிதானா என்றேன். ‘மெல்ல’ என்பதைவிட அந்தச் சொல்லுக்கு அவளிடம் மதிப்பு அதிகம். தோள்கள் இறங்கின. கம்பியை வெட்டினேன். வளையம் என் உள்ளங்கைக்குள் புரண்டது. எஃகு வழுக்கிக்கொண்டு போவது தெரிந்தது.

“பிடி” என்றேன்.

அவள் விட்டுவிட்டாள்.

ஷெட்டுக்குள் ஒரு வெளிச்சம் உதறிக்கொண்டது. வேறு எதையும் நான் பார்க்கவில்லை. பார்த்தபோது, மஞ்சள் கையுறையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, தெருவில் யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைச் சாய்த்து நின்றிருந்தாள். கத்தவில்லை. கையுறையின் ஓரம் சிவந்துகொண்டே வந்தது. தரையில் பிளேடு முழு வட்டமாக விரிந்து, இன்னும் அதிர்ந்து, மெலிதாக முனகிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய வட்டமா அதற்குள் இருந்தது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பு அதுதான். இன்றைக்கும் அதை நம்ப முடியவில்லை.

கண்ணைத் திற, பார்க்கலாம் என்றேன். கெஞ்சினேன் என்று சொல்ல வேண்டும்.

“வேணாம் ரீ” என்றாள். கன்னடப் பெண்கள் கணவனைக் கூப்பிடும் ‘ரீ’. “தெறந்தா என்ன இருக்கும்னு தெரியல. மூடியே இருக்கட்டும்.”

பிரேசர் டவுனில் ஒரு கண் மருத்துவமனை ஞாயிறும் திறந்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆட்டோவில் ஏறினோம். எனக்கு என்னவோ ஆகியிருந்தது. அழுகையும் வரவில்லை, பதற்றமும் வரவில்லை. ஆட்டோக்காரரின் காலரில் தையல் பிரிந்திருந்ததை வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு போனேன். துண்டை மடித்து அவள் கண்மேல் வைத்திருந்த என் கை யாருடையதோ போலிருந்தது. அந்தக் கண் இருக்கிறதா, போய்விட்டதா. துண்டுக்கு அந்தப் பக்கம் விடை இருந்தது. இந்தப் பக்கம் நான் இருந்தேன்.

“ஏன் விட்ட?” என்றேன் கடைசியில்.

“நீங்கதானே சொன்னீங்க.”

“நான் பிடின்னு சொன்னேன்.”

“அதான். பிடின்னு சொன்னீங்க. விட்டேன்.”

ஒரு சிக்னல் தாண்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. ‘பத்து’ என்பதில் வருகிற ப போட்டால் அது என் தமிழ்ச் சொல், கெட்டியாக வைத்துக்கொள் என்று பொருள். ‘பஸ்’ என்பதில் வருகிற ப போட்டால் அது அவள் கன்னடச் சொல், விட்டுவிடுங்கள் என்று பொருள். தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. இத்தனை வருடங்களாக அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் இரண்டு கூர்முனைகளோடு உலாவியிருக்கிறது. சாதாரணமாக நான் ‘பிடிச்சுக்கோ’ என்பேன், வால் நீண்ட சொல், அது யாரையும் குத்தாது. அவசரத்தில் வால் அறுந்துவிட்டது. அதுவும், அதற்கு முன்பு வரை அவளைக் கன்னடத்தில் ஆற்றிக்கொண்டிருந்தவன் நான்தான். அவள் காது அங்கேயே காத்திருந்திருக்கிறது.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது.

“என்கிட்ட எப்பவும் பிடு, பிடுன்னுதான் கன்னடத்துல சொல்வீங்க. விடுடீங்கற மாதிரி. இன்னிக்கு பிடின்னு மரியாதையா சொன்னீங்க. அட, மொத தடவையா மரியாதை குடுக்கறாரேன்னு டக்குனு விட்டுட்டேன்.”

துண்டுக்குக் கீழே அவள் வாய் லேசாகச் சிரித்ததாக எனக்குத் தோன்றியது. வலியாகவும் இருக்கலாம்.

ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “எங்க ஊட்ல மூணு பாஷை சார். அதனாலதான் நான் வாயே தொறக்கறது இல்ல. அக்காக்கு ஒண்ணும் ஆவாது, கம்முனு குந்துங்க.”

டாக்டர் சின்னப் பெண். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து விளக்கை இழுக்கும் சத்தம் வந்தது, தண்ணீரின் சத்தம் வந்தது, என் மனைவியின் சத்தம் மட்டும் வரவில்லை. வெளியே வந்தபோது அவள் முகத்தில் பாதி வெள்ளைக் கட்டு. மேல் இமை கிழிந்திருக்கிறது, தையல் போட்டாயிற்று. கருவிழியில் ஒரு கீறல் இருக்கிறது. ஆழம் எவ்வளவு, பார்வை எவ்வளவு மிஞ்சும் என்பது கட்டைப் பிரிக்கிற அன்றைக்குத்தான் தெரியும் என்றார் டாக்டர். அதுவரை குனியக் கூடாது, ஊசி தொடக் கூடாது. வீட்டில், முடிக்க வேண்டிய புடவைகள் கட்டிலின் மேல் மடித்தபடி கிடந்தன. அவற்றை அவள் கட்டுப் போடாத கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ஷெட்டுப் பக்கம் நான் போகவில்லை. அவள்தான் போகச் சொன்னாள். அந்தப் பிளேடு தரையில் விரிந்து கிடக்கிறது, கண்ணை மூடினால் மறுபடி கிளம்பி வருகிறது, அதை மெஷினுக்குள் போட்டுக் கதவைச் சாத்துங்கள் என்றாள். வெளியே தூக்கி எறிந்துவிடுகிறேன் என்றேன். எறிந்தால் எங்கேயோ இருக்கும், உள்ளே போட்டால் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்றாள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஷெட்டு வாசலுக்கு வெளியே, நல்ல தூரத்தில், போட்டு உட்கார்ந்தாள்.

கையுறை போட்டுக்கொண்டு பிளேடை எடுத்தேன். மேசையின் வெட்டு வழியாக நுழைத்து, மேல் சக்கரத்தில் மாட்டி, கீழ்ச் சக்கரத்தில் மாட்டினேன். நிமிர்ந்தேன்.

“பல்லு மேல பாக்குது” என்றாள் நாற்காலியிலிருந்து.

பார்த்தேன். பற்கள் மேசையை நோக்கிக் கீழே குனிந்திருக்க வேண்டும். இவை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. விரிந்த வேகத்தில் பட்டை உள்புறம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறது. அதை மறுபடி வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் பற்றி, சட்டைக் கையைத் திருப்புவதுபோல முறுக்கித் திருப்ப வேண்டும். அது மறுபடியும் துள்ளும். அவளைப் பார்த்தேன். எழுந்து போகவில்லை. இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தாள். திருப்பினேன். ஒரு முறை சிலிர்த்துவிட்டு அடங்கியது.

மாட்டினேன். திருகை இறுக்கினேன், விரலால் சுண்டினால் தொய்வில்லாமல் ஒலிக்கிறவரை. அடுத்தது, மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பின்னாலிருக்கும் குமிழைத் திருப்பிப் பட்டையைச் சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுவருவது. பின்னால் நின்றால் எனக்கு முன்பக்கம் தெரியாது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே எழுந்து வந்து சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். பட்டை எங்கே ஓடுகிறது என்று வாயால் சொல்லவில்லை. விளிம்புக்குப் போனால் மெஷின் தகரத்தை இரண்டு தட்டு, உள்ளே போனால் ஒரு தட்டு. நான் இம்மி இம்மியாகத் திருப்பினேன். கடைசியில் தட்டல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன், நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டை ஆடாமல் பிடிக்கும் பக்கத் தாங்கிகளுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு செய்தித்தாள் துண்டின் கனம் இடம் விட்டு முடுக்கினேன். கதவைச் சாத்தினேன். அவள் கொக்கியை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அன்று மதியம் நன்றாகத் தூங்கினாள்.

கட்டைப் பிரிக்கும் அன்று டாக்டர் என்னையும் உள்ளே இருக்கச் சொன்னார். பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது, நனைத்து எடுத்தார்கள். இமை வீங்கி, தையலோடு, வேறு யாருடைய இமையோ போலிருந்தது. அது திறந்தது. உள்ளே சிவப்பு. சிவப்புக்கு நடுவே கறுப்பு. டாக்டர் நல்ல கண்ணைக் ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, சுவரிலிருந்த பலகையைக் காட்டினார்.

நான் பலகையைப் பார்க்கவில்லை, அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு படித்தாள். கன்னட எழுத்துகள். மேல் வரி, அடுத்த வரி, அதற்கடுத்தது. சின்ன எழுத்தில் திக்கினாள், தப்பாக ஒன்று சொன்னாள், கண்ணைச் சுருக்கித் தானே திருத்திக்கொண்டாள். கீறல் மேலோடு போயிருக்கிறது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டே வந்தால் மங்கலும் போய்விடும் என்று டாக்டர் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நர்ஸ் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். டம்ளரில் பாதி என் சட்டைமேல் போயிற்று. இதில் பேஷண்ட் யார் என்று நர்ஸ் கன்னடத்தில் கேட்டாள்.

மருந்து விட்ட கண்ணிலிருந்து கன்னத்தில் வழிய வழிய என் மனைவி நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தாள், இரண்டு கண்களாலும்.

“அவருக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்” என்றாள் தமிழில். “பயம் இப்பதான் வருது.”