கற்பூரம் சுட்ட கை

தங்கையனுக்கு ஊர் பாறசாலைப் பக்கம். பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். யுத்தம் முடிந்து திரும்பியதும் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் கோமதிநாயகம் பிள்ளையிடம் டிரைவராகச் சேர்ந்தான். பிள்ளைக்குப் பெருங்காயமும் கற்பூரமும் மொத்த வியாபாரம். கிடங்கை ஒட்டிப் போட்ட ஓலைக்கொட்டகையில்தான் கார் நிற்கும். கீழே கடல்மணல், மேலே காய்ந்த ஓலை, சுவருக்கு அந்தப்பக்கம் பெட்டி பெட்டியாகக் கற்பூரம். வீசுகிற நெடியில், முகத்தில் மூக்கு என்று ஒன்று இருப்பதே அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

கார் பழசு. பெட்ரோல் அளவு காட்டும் முள் எந்தக் காலத்திலோ செத்துவிட்டது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாங்க் தளும்ப நிரப்பிக் கொட்டகையில் விடுவது, சனிக்கிழமை விடிந்ததும் கோட்டாறு சந்தைக்குப் போவது. போய்த் திரும்பினாலும் புதன் வரைக்கும் தாங்கும்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஓணம் கழிந்த சமயம், கோட்டாற்றிலிருந்து திரும்புகையில் பாலராமபுரத்தில் கார் பெட்ரோல் வறண்டு நின்றுவிட்டது. பிள்ளை உச்சிவெயிலில் சாலையோரக் கல்லில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவன் எல்லாம் நின்று குசலம் விசாரித்தான். பிள்ளைக்கு அதைவிட வேறு அவமானம் வேண்டுமா?

"வண்டி குடிக்குதா தங்கையா, இல்ல குடிக்க வேற ஆளு உண்டுமா?" என்றார்.

தங்கையனுக்குச் சுருக்கென்றது. அன்றே காரைக் குடைய ஆரம்பித்தான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், கரி கட்டவில்லை. கார்புரேட்டரைப் பிரித்து ஊதினான். டயரில் காற்று சரியாக இருந்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால், பிரேக் எங்கும் உரசாமல் சுற்றியது. அடியில் படுத்துக் குழாய் நெடுகத் தடவினான். ஒரு சொட்டு ஈரமில்லை. மறு சனிக்கிழமையும் கார் நின்றது. வண்டியில் குற்றமில்லை என்றால் குற்றம் யாரிடம்?

கணக்குப்பிள்ளை சிவதாணு அந்தக் கேள்விக்குச் சுலபமாகப் பதில் கண்டுபிடித்தார். காரில் ஸ்பானர் கிடக்கும் ஆயுதப்பெட்டியில் ஒரு ரப்பர் குழாய் கிடந்தது. எந்த டிரைவரின் பெட்டியில்தான் கிடக்காது? ஆனால் சிவதாணு அதைப் பாம்பைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலில் தூக்கிக் கடை முழுக்கக் காட்டினார். "உறிஞ்சி எடுத்து டாக்சிக்காரனுக்கு விக்கான். வேற என்ன?"

பிள்ளை தங்கையனைக் கூப்பிட்டார். "நாளைக்கு வெள்ளி. கற்பூரம் அடிச்சு சத்தியம் செய்யி. செஞ்சா வண்டிய ஓட்டு. இல்லேன்னா சாவிய வச்சிட்டுப் போ."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். உள்ளதைச் சொன்னவன் கையைச் சுடாது, கள்ளன் கை வெந்துபோகும். இதுதான் சாலையின் கோர்ட்டு. பட்டென்று அடித்தால் எவன் கையையும் சுடாது; அதனால்தான் அந்தத் தெருவில் அத்தனை யோக்கியர்கள் திரிந்தார்கள். ஆனால் சத்தியத்துக்குப் பின்வாங்கினவன் கதை முடிந்தது. சாலையிலிருந்து நாகர்கோவில் வரை ஒருவனும் அவன் கையில் காரைக் கொடுக்க மாட்டான்.

"எடுக்காதவங்களுக்கு என்ன பயம்? அடிச்சிட்டு வாங்க," என்றாள் அவன் பெண்டாட்டி செல்லபாய்.

வெள்ளி சாயங்காலம் வழக்கம்போல டாங்க் நிரப்பிக் காரைக் கொட்டகையில் விட்டான். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டாமென்று பிள்ளை அவனைக் காரின் பின்பக்கம் கூட்டிப்போனார். சிவதாணு சாட்சி. பிள்ளை கையில் பித்தளைத் தட்டு. கற்பூர வியாபாரி அல்லவா, கை நிறைய அள்ளி வைத்திருந்தார். ஒரு முழ உயரத்துக்குத் தீ எழுந்தது.

தங்கையன் கும்பிட்டுத் தலை குனிந்தான். டாங்கின் நடு உயரத்தில் பற்றவைத்த ஒட்டிலிருந்து ஒரு சொட்டு உருண்டு இறங்கியது. பின்னால் இன்னொன்று. கீழே விழுந்ததை மணல் சத்தமில்லாமல் குடித்தது. அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. நிறைந்திருந்தால்தான் கசியும், விடிவதற்குள் ஒட்டுக்குக் கீழே இறங்கிக் காய்ந்துவிடும். அவன் தேடிய நாளெல்லாம் டாங்க் குறைவாக இருந்த நாள்.

"மொதலாளி, தட்ட வெளிய கொண்டு போங்க," என்றான். டாங்க் ஒழுகுவதைச் சொல்வதற்குள் கணக்குப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"பாத்தேளா, பின்வாங்குகான்," என்றார் சிவதாணு.

"இங்கயே அடி லே," என்று பிள்ளை தட்டை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். தட்டு சரிந்தது. அடித்தால் தீத்துண்டு மணலெல்லாம் தெறிக்கும். தட்டிவிட்டாலும் அதே கதிதான். சுவருக்கு அந்தப்பக்கம் கற்பூரம், அதற்கும் அந்தப்பக்கம் சாலைத் தெரு முழுவதும். தங்கையன் எரிகிற கற்பூரத்தை அப்படியே கையால் அள்ளி, விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். உருகின கற்பூரம் விரலிடுக்கில் எரிந்தது. தெருவோர ஓடைத் தண்ணீரில் கையை முக்கின பிறகுதான் அலறினான்.

கடைத்தெரு முழுக்கப் பார்த்தது.

தங்கையன் குனிந்து பார்த்த இடத்தில், டாங்கின் அடியில், பிள்ளை விரல் வைத்து மோந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தங்கையனை உள்ளே அழைத்துக் காதோடு சொன்னார்: "இது வெளிய தெரியண்டாம். கற்பூரத்துக்குப் பக்கத்துல பெட்ரோல வச்சிருக்கேன்னு ஊரு அறிஞ்சா கடைய பூட்டிருவானுவ. உனக்கு வேலை உண்டும். வாயத் தொறக்காத." சிவதாணு தலையாட்டினார்.

மறுநாளே டாங்கை இறக்கி, காலி செய்து, தீப்பிடிக்காமலிருக்கத் தண்ணீர் நிரப்பி, ஒட்டை ஈயம் வைத்து அடைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை கார் கோட்டாறு போய்வந்து புதன் வரைக்கும் ஓடியது. அதையும் தெரு கவனித்தது. "கை வெந்தப்புறம் பெட்ரோல் மிச்சமாகுது பாத்தியா?" என்று டாக்சிக்காரர்கள் சிரித்தார்கள். பெட்ரோல் பங்குக்காரன் அவன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, பிள்ளையிடம் தனியாகக் கேட்டான், இந்த ஆளை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று. பிள்ளை, "பாவப்பட்டவன்," என்றார். பெரிய மனசு என்று ஊர் அவரைப் புகழ்ந்தது.

செல்லபாயிடம் மட்டும் தங்கையன் கை வெந்த அன்றே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் தினமும் வாழையிலையில் எண்ணெய் தடவிக் கையில் வைத்துக் கட்டினாள். பதமாகத்தான் கட்டினாள். ஒருநாள் கட்டு முடிச்சைப் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எங்கிட்ட மறைக்கண்டாம். கொஞ்சமாவது எடுத்தீளா?"