எருமைநாக்கின் கண் எந்தப் பக்கம்?

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு ஷார்ஜாவிலிருந்து கிளம்பினேன். வண்டியில் இரண்டு தூண்டில் கழி, ஒரு ஐஸ் பெட்டி, வாந்தி மாத்திரை ஓர் அட்டை. எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். குளத்தில் கெண்டை பிடித்ததோடு சரி, கடலைக் கண்டாலே வயிறு கலங்கும். அப்படிப்பட்டவன் மீன் பிடிக்க எல்லை தாண்டி ஓமானுக்கு ஏன் போகிறேன் என்று மனைவி கேட்டாள். இரண்டு கிறுக்கர்களைப் பேச வைக்க, என்றேன்.

ஷார்ஜாவிலிருந்து சோஹார் ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர். கல்பா வரை மலையைக் குடைந்த சாலை. அதைத் தாண்டினால் கத்மத் மலாஹா எல்லைச் சாவடி. வெளியேற முப்பத்தைந்து திர்ஹம் கட்டி, வண்டியின் இன்சூரன்ஸ் தாளைக் காட்டிவிட்டு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். அப்புறம் ஷினாஸ், லிவா என்று கடலோரமாகவே நேர்ச்சாலை. ஐந்தரைக்கு ஃபலஜ் அல் கபாயில் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். சோஹார் துறைமுகத்து ஆட்கள் பாதிப்பேர் தங்குவது அங்கேதான். பத்து வருஷம் முன்பு நானும் அங்கேதான் இருந்தேன், முனியசாமி அண்ணன், செல்வராஜ் அண்ணன் இருவரோடும் ஒரே ரூமில்.

முனியசாமிக்கு வேம்பார்ப் பக்கம், சாரம் கட்டுகிற வேலை. செல்வராஜ் வேதாரண்யத்து வெல்டர். இரண்டு பேரும் கடற்கரைக்காரர்கள். ஐந்து மாதம் முன்பு செல்வராஜ் சந்தையில் ஒரு எருமைநாக்கு வாங்கி வந்திருக்கிறார். தட்டையான மீன், மணலோடு மணலாகப் படுத்திருக்கும். கடைப் பலகையில் இந்தியன் ஹாலிபட் என்று எழுதியிருப்பார்கள். அதன் இரண்டு கண்ணும் வலப்பக்கம் இருந்ததாம். "எருமைநாக்குக்குக் கண்ணு இடப்பக்கந்தான்ல இருக்கும், எவனோ உன்னை ஏமாத்திட்டான்" என்று முனியசாமி சொல்ல, செல்வராஜ் பதிலுக்கு, "நீ மீனையே பாத்ததில்ல" என்றுவிட்டார். கடற்கரைக்காரனைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை. அன்றோடு பேச்சு நின்றது.

ரூமுக்குள் நுழைந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பு மேடையில் இரண்டு ரைஸ் குக்கர்! பதினொரு வருஷம் ஒரு சோறு தின்றவர்கள். செல்வராஜுக்குக் கணக்கு முடிந்தாகிவிட்டது. கலாஸ், திங்கட்கிழமை மஸ்கட்டிலிருந்து ஃபிளைட், இனி திரும்பி வரப்போவதில்லை. இந்த லட்சணத்தில் பேசாமலே பிரிந்தால் அப்புறம் எப்போது பேசுவது? அந்த மீனில் சிலதுக்குக் கண் வலப்பக்கம், சிலதுக்கு இடப்பக்கம் வரும் என்று போனில் படித்துக் காட்டினேன். "போன்ல ஆயிரம் போடுவான் தம்பி" என்றார் செல்வராஜ். மற்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, நாளைக்குப் பிடிக்கிற மீனின் கண் எந்தப் பக்கமோ, அதன்படி ஒருவர் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அதற்கு மட்டும் இரண்டு தலையும் ஆடின.

சனிக்கிழமை காலை ஐந்தரை. படகு சாலிம் என்ற ஓமானியருடையது. அறுபது வயது, நன்றாக ஹிந்தி பேசுவார். ஐந்து மணி நேரத்துக்கு முப்பத்தைந்து ரியால். தூண்டில் போடத் தேவையான உரிமத்தையும் அவரே வாங்கி வைத்திருந்தார். கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் போய் எஞ்சினை நிறுத்தினார். கீழே மணல்தரை, பதினெட்டு மீட்டர் ஆழம். முனியசாமி முன்னணியத்தில், செல்வராஜ் பின்னால் எஞ்சின் பக்கம், நடுவே மாத்திரை போட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்.

இந்த மீனுக்குப் படகை நீரோட்டத்தில் மிதக்கவிட்டு, ஈயக்குண்டு மணலில் தட்டித் தட்டிப் போகிற மாதிரி விட வேண்டும். தூண்டிலில் மத்தித்துண்டு. அது விரட்டிப் போய்ப் பிடிக்கிற ஜாதி இல்லை, இரை தலைக்கு மேல் வந்தால்தான் எழும்பிக் கவ்வும். வாய் பெரிது, உள்ளே நாய்ப்பல். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்துமாம். வளர வளர ஒரு கண் இடம்பெயர்ந்து தலைக்கு மேலே ஏறிவிடும், மீன் கண் இல்லாத பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். மற்றத் தட்டை மீன்களுக்கு அந்தக் கண் முழுசாக அடுத்த கண்ணின் பக்கம் வந்துவிடும். எருமைநாக்குக்கு மட்டும் உச்சி விளிம்பிலேயே நின்றுவிடுகிறது.

எட்டரை வரை இரண்டு சங்கரா கிடைத்தது, அவ்வளவுதான். சாலிம் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். "க்யா பாய், மச்லி மாஃபி, பாத் பீ மாஃபி?" என்றார். மீனும் இல்லை, பேச்சும் இல்லையா என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பும் வாந்தியும் ஒன்றாக வந்தன.

ஒன்பது பத்துக்கு முனியசாமியின் கழி வளைந்தது. கல்லில் மாட்டியதுபோல அசைவே இல்லை. அவர் வெட்டி இழுக்காமல் பொறுத்திருந்தார். அப்புறம் கனம் மெல்ல மேலே வந்து, படகைக் கண்டதும் விருட்டென்று மறுபடி கீழே போனது. இரண்டாம் தடவை வந்தபோது அவர் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மீன் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. கத்தி அவர் காலடியில் கிடந்தது. தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு, போச்சு என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்?

அவர் கைவலையைப் போட்டு அள்ளினார். முழங்கை நீளம் இருந்தது. செவுளில் விரல் விட்டுத் தூக்கிக்கொண்டு, ஆடுகிற படகில் என்னைத் தாண்டிப் பின்பக்கம் போனார். முதுகு மேலே, வயிறு கீழே வருகிற மாதிரி செல்வராஜின் முகத்துக்கு நேரே நீட்டினார். கண்கள் செல்வராஜைப் பார்க்க, மூக்கு அவருடைய வலக்கைப் பக்கம் பார்த்தது.

"இந்தா, நல்லாப் பாத்துக்க. வலப்பக்கம். நாஞ்சொன்னதுதான் தப்பு."

செல்வராஜ் மீனைப் பார்க்கவில்லை.

"தப்பில்ல முனியசாமி. போன மாசம் மார்க்கெட்ல ஒண்ணு பாத்தேன். ரெண்டு கண்ணும் இடப்பக்கம், நீ சொன்ன மாதிரியே. ஒங்கிட்ட சொல்லத்தான் ஓடியாந்தேன். நீ ஒன் குக்கர்ல ஒரு ஆளுக்கு அரிசி அளந்துகிட்டு இருந்தே. வாய் வரலப்பா."

"அடப்பாவி! ஒரு மாசமா இத வயித்துக்குள்ளயே வச்சிருந்தியால?" முனியசாமி கத்திய கத்தில் சாலிம் எழுந்துவிட்டார். "இன்னும் ரெண்டு நாள்தான்ல இருக்கு! போன மாசத்த எங்க போய்ப் பிடிக்க?"

இருவரும் அழுதார்கள். நானும்தான். சாலிம் எதுவும் கேட்காமல் எஞ்சினைக் கிளப்பினார்.

பகல் ஒரு மணிக்கு ரூமில் மீன் குழம்பு. புளி அதிகம் என்று செல்வராஜ் சொல்ல, உங்க ஊர்ல புளியே கிடையாதா என்று முனியசாமி கேட்க, எனக்குக் காது குளிர்ந்தது. மூன்று பேருக்கும் முனியசாமியின் குக்கரிலேயே சோறு. நாலு மணிக்கு நான் கிளம்பும்போது செல்வராஜ் தன் குக்கரைத் துணியில் சுற்றி என் வண்டியில் வைத்துவிட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

கத்மத் மலாஹாவில் வண்டியைச் சோதித்த அதிகாரி துணியைப் பிரித்துப் பார்த்தார். புதியதா, விற்பதற்கா என்று கேட்டார்.

இல்லை, ஐந்து மாதம் ஓடிய பழசு, இனிமேல் தேவையில்லை என்றேன்.