ஆழம் காட்ட ஓர் ஆள்

நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இது நடந்தது. போன புரட்டாசியில், உத்திரமேரூரில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது?

பிரபா மாகறல் பெண். உத்திரமேரூரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறாள். அப்பா முத்துவேல் ஆறு மாதமாகப் படுத்த படுக்கை. அவருக்கு ஒரே ஒரு குறை. அவருடைய தாத்தா சின்னப்பையன், வெள்ளைக்காரன் காலத்தில், வடக்கே புதைந்துபோன ஏதோ பழைய நகரத்தைத் தோண்டக் கூலிக்குப் போனவர். திரும்பவே இல்லை. செத்தாரா, இருக்கிறாரா, ஒரு தகவலும் கிடையாது. உயிரோடு இருக்கிறவருக்குப் படையல் போட்டுவிடக் கூடாதே என்று பயந்து, மகாளய அமாவாசைக்கு அவருக்கு மட்டும் இலை போடாமலே மூன்று தலைமுறை ஓடிவிட்டது.

"நான் போறதுக்குள்ள அவுருக்கு ஒரு எல போட்டுடணும்மா. பசியோட நிக்கிறாரு" என்று முத்துவேல் அழுவார்.

அந்த நேரம் பார்த்து பென்ஷன் வேலையாக மையத்துக்கு வந்தார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஜெகந்நாதன். பேச்சுவாக்கில் பெருமையடித்தார். அந்தத் தோண்டலில் அவருடைய தாத்தாதான் குமாஸ்தாவாம். மாகறலிலிருந்து ஆள் கூட்டிப்போனதும் அவரேதானாம். துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகம் வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம்.

மறுநாள் மதியமே பிரபா அவர் வீட்டில் போய் நின்றாள். மகள் ஸ்ரீரஞ்சனி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள்.

தோல் அட்டை போட்ட கனத்த புத்தகம். மேஜையில் வைத்ததும் அதன் முதுகிலிருந்து பொலபொலவென்று செம்மண் கொட்டியது.

"கரையான்" என்றார் வாத்தியார்.

பிரபா தொட்டுப் பார்த்தாள். மண் ஈரமாக இருந்தது.

நடுப்பக்கத்தில் அந்தப் படம். ஆழமான பள்ளம். அடியில் கோவணத்தோடு ஒருவர், கையில் அளவுகோல். அப்பாவின் மூக்கு, அப்பாவின் காது. கீழே இங்கிலீஷில் ஒரு வரி. வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தமிழில் சொன்னார்: "ஆழம் காட்ட ஓர் ஆள்."

"பேரு போடலியா சார்?"

"கூலிக்காரனுக்குப் பேர் எதுக்கும்மா?"

"அப்புறம் இவுரு இன்னா ஆனாரு?"

"அப்பல்லாம் படம் எடுக்க நேரமாகும். எங்க தாத்தா, 'நான் சொல்ற வரைக்கும் அசையாதே'ன்னுட்டார். மண் சரிஞ்சுது. மத்தவா ஓடிட்டா. இவன் அசையவே இல்லை. தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

"வெளிய எடுத்தாங்களா?"

"அதுக்கெல்லாம் யாருக்கும்மா நேரம்? பக்கத்துல வேற பள்ளம் தோண்டினா."

பிரபாவுக்கு வயிறு எரிந்தது. சின்னப்பையனின் பெண்டாட்டி சாகிற வரைக்கும் தாலியைக் கழற்றவில்லை. இங்கே இவர்கள் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஒரு கார்டு போட்டிருந்தால் போதுமே, பாவிகளா.

போனை எடுத்தாள். அப்பாவுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். மணி பன்னிரண்டு நாற்பது. கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

க்ளிக்.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு எடுத்தாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தாள்.

முதல் படத்தில் அவர் நேரே பார்த்தார்.

இரண்டாவதில்... தலை கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது.

மூன்றாவதில் வாய் திறந்திருந்தது.

சர... சர... சர...

மண் சரிகிற சத்தம். புத்தகத்துக்குள்ளிருந்து.

"எ... எலியா இருக்கும்" என்றார் வாத்தியார்.

பிரபா பக்கத்தின் மேல் குனிந்தாள். பயம்தான். அதைவிட அழுகை அதிகமாக வந்தது.

"போதும் தாத்தா. மேல வா."

சத்தம் நின்றது.

படத்தில் அளவுகோல் மட்டும் இருந்தது. யாரும் பிடிக்காமல்... நேராக நின்றது.

பிரபா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். வாசலில் திரும்பிப் பார்த்தாள். ஜெகந்நாதன் புத்தகத்தின் மேல் குனிந்தபடி நின்றார். அசையவில்லை.

வீட்டுக்குப் போனால், முத்துவேல் எழுந்து உட்கார்ந்திருந்தார். வாசற்படியிலிருந்து அவர் கட்டில் வரை ஈரச் செம்மண் காலடி.

"தண்ணி கேக்குறாரும்மா" என்றார்.

செம்பில் மொண்டு வைத்தாள். டம்ளர் எடுத்துவரத் திரும்பியதுதான். செம்பு காலி. அடியில் மண்.

அந்த அமாவாசைக்கு இலை போட்டார்கள். ஐப்பசியில் முத்துவேல் தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் பிரபா அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்த அன்றைக்குச் சாயங்காலமே ஸ்ரீரஞ்சனி போன் செய்திருந்தாள்.

"அப்பா போயிட்டார். நின்னுண்டே போயிட்டார். வாயெல்லாம் மண்ணு... நீ என்ன பண்ணினே?"

கூடவே வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கத்தை அனுப்பியிருந்தாள். பள்ளத்தின் அடியில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஒருவர். வேட்டி. மூக்குக்கண்ணாடி.

இப்போதும் மாதம் ஒரு தடவை அனுப்புகிறாள். நானே பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் தலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது.

'போதும், மேல வாங்க சார்.' இவ்வளவு சொன்னால் போதும் என்று பிரபாவுக்குத் தெரியும். சொல்லிவிடேன் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நிக்கட்டும்" என்றாள்.