சமையற்கட்டுக்கு வந்த ஜன்னல்

எங்கள் ஊருக்கு வெளியூரிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும், காபி குடித்த கையோடு எங்கள் வீட்டைப் பார்க்கக் கூட்டி வந்துவிடுவார்கள். உத்திரமேரூர் பக்கத்தில் அப்படியொரு முகப்பு வேறு எந்தக் குடியானவர் வீட்டுக்கும் கிடையாது. தாத்தா பக்கத்திலேயே நின்று கட்டிய வீடு. சுண்ணாம்பு பூசிய செங்கல் சுவர், தாமரை செதுக்கிய தேக்குக் கதவு, அதன் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இரண்டு தேக்கு ஜன்னல்கள். "நூலு புடிச்சிப் பாரு, ஒரு நெல்லு வித்தியாசம் வராது" என்பார் தாத்தா. வந்தவர்கள் கூடம் வரைக்கும் வந்து, உத்தரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பின்னால் யாரும் போனதில்லை.

பின்னால் சமையற்கட்டு இருந்தது. மண்சுவர், தாழ்ந்த ஓட்டுக்கூரை. ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. நடுப்பகலிலும் அங்கே சிம்னி விளக்கு எரியும். அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். அம்மாக்களின் கண் நிறமே அதுதான் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒருமுறை அம்மா அப்பாவிடம் சொல்ல, அப்பா பயந்து பயந்து தாத்தாவிடம் கேட்டார்.

"சமையக்கட்டுக்கு இன்னாத்துக்குடா ஜன்னலு? போறவன் வர்றவன்லாம் சட்டிய எட்டிப் பாக்கவா?"

அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது எங்கள் வைக்கோற்போரும் எங்கள் எருமையும்தான். ஆனாலும் பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. சித்தி வாலாஜாபாத்துக்காரி. சமையற்கட்டுக்குள் முதன்முதலாகப் போன வேகத்திலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னாக்கா இது, வாசல்ல ராஜா வூடாட்டம் கீது, உள்ள வந்தா குகையாட்டம் கீதே!"

"மெதுவா பேசுடி, மாமா கூடத்துல கீறாரு" என்று அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

பொங்கல் வந்தது. பழையசீவரத்துக்குப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்கு எழுந்தருளும் நாளில் வீட்டில் எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். எனக்குக் காய்ச்சல் என்பதால் அம்மாவும் நானும் நின்றுவிட்டோம். சித்தி தனக்குத் தலைவலி என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் தலைவலி போய்விட்டது. மாட்டுக்கொட்டகையிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கொழம்ப எறக்கி மூடி வை."

"இன்னாடி பண்ணப் போற?"

சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மார்பளவு உயரத்தில் சுவரைக் குத்தினாள். மண் பொலபொலவென்று கொட்டியது. அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாண்டி. உன்ன அம்மா வூட்டுக்கே அனுப்பிடுவாரு."

"அனுப்பட்டும். நீ தள்ளி நில்லு."

குத்திக்கொண்டே இருந்தாள். திடீரென்று ஒரு கற்றை வெயில் புழுதியோடு உள்ளே விழுந்தது. கூரையிலிருந்து சடைசடையாகத் தொங்கிய கரியும், ஆட்டுக்கல்லின் வழவழப்பும், அடுப்படியில் நின்ற அம்மாவின் முகமும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன. அம்மா அந்த ஓட்டைக்குள் கையை விட்டு வெளியே நீட்டிப் பார்த்தாள். பிறகு முறத்தை எடுத்து மண்ணை அள்ளிக் கொட்ட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் மாடு அவிழ்க்கும்போதே தாத்தா பார்த்துவிட்டார்.

"யாரு ஒடச்சது?"

சித்தி வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள். "நாந்தான் ஒடைக்கச் சொன்னேன் மாமா."

கதவுக்குப் பின்னால் நின்றுகூட அவரிடம் பேசாதவள். தாத்தா அவளைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். "காலைல கொத்தனார வரச்சொல்லு. மூடிடணும்."

"மூடுங்க மாமா. அதுக்கு மின்ன ஒருவாட்டி உள்ள வந்து நில்லுங்க" என்றாள் அம்மா.

தாத்தா குனிந்து உள்ளே போனார். அம்மா ஒரு சாக்கை எடுத்து ஓட்டையை அடைத்துவிட்டு, ஈர விறகை வைத்து அடுப்பை ஊதினாள். இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர், அடுப்பு எரியும்போது அங்கே நின்றதில்லை. சற்று நேரத்தில் இருமிக்கொண்டே வெளியே வந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

மறுநாள் கொத்தனார் வந்தார். சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொத்தனார் பின்கட்டுக்கு வரவில்லை. வாசலில் இடிக்கும் சத்தம் கேட்டு ஓடினோம். இடப்பக்கத்துத் தேக்கு ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"புச்சா செய்ய நாளாவும். இத கொண்டாந்து அங்க வையி" என்றார் தாத்தா.

அதன் பிறகு எங்கள் வீட்டு முகப்புக்கு ஒரே ஜன்னல்தான். விருந்தாளிகள் ஏன் என்று கேட்டால், "மேக்கால வெயிலு தாங்கல" என்பார் தாத்தா. எங்களுடையது கிழக்குப் பார்த்த வீடு.

அந்தத் தை முடிவதற்குள் சித்தப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை என்று சித்தியும் கிளம்பிவிட்டாள். பேருந்து ஏறும்போதுகூட அவள் உள்ளங்கைக் கொப்புளங்கள் முழுதாக ஆறியிருக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வெளிச்சம் கொண்டு வந்தவளுக்கு, அதில் நின்று ஒரு மாதம் சமைக்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லையே என்று நான் அழுதேன். அம்பத்தூரில் வாடகைக்கு வீடு பேசி முடித்தாயிற்று என்பது கடப்பாரையைக் கையில் எடுக்கும்போதே சித்திக்குத் தெரியும். அது எனக்குத்தான் தெரியாது.