தலைக்கு மேல் போகிற திருச்சி விமானம்

புதுச்சேரி பெரிய மார்க்கெட் அருகே, விமான டிக்கெட் விற்கும் கடை வாசலில் வெயிலில் நிற்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் போயும் அவர்களுடைய மதியத் தூக்கம் மட்டும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. திருச்சியில் அக்காவுக்கு நாளைக் காலை ஆபரேஷன்.

மூன்று மணிக்குக் குமாஸ்தா கண்ணைக் கசக்கிக்கொண்டே கதவைத் திறக்கிறார். திருச்சிக்கு ஒரு டிக்கெட் கேட்கிறேன்.

"மெட்ராஸ்லேர்ந்து திருச்சிக்கு ஒரு மணி நேரந்தான், முசியே!"

"இங்கேயிருந்து மெட்ராஸ் போக?"

"பஸ்ல அஞ்சு மணி நேரம் ஆவும்."

தெற்கே போகிறவன் வடக்கே போய் ஏற வேண்டுமாம்!

"சரி, ப்ளேன் எப்போது?"

வானத்தில் இரைச்சல். குமாஸ்தா தெருவுக்கு ஓடிவந்து பெருமையாகக் கையை நீட்டுகிறார்.

"தோ போவுது பாருங்க! நாளைக்கும் இதே நேரந்தான். தவறவே தவறாது."