முழுக்கைச் சட்டை நாத்தனார்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொள்வார்கள். ஈர உப்பைக் கூடையில் வாரித் தலையில் தூக்கினால் உப்புத்தண்ணீர் பிடரி வழியாக முதுகில் இறங்கும். வெறும் ரவிக்கையோடு நின்றால் சாயங்காலத்துக்குள் தோல் வெந்துவிடும். அதனால் புருஷன் கழித்துப்போட்டது, அண்ணன் கிழித்துப்போட்டது, கட்சிக் கூட்டத்தில் சும்மா கொடுத்தது என்று கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்குவார்கள். வேலை முடிந்ததும் கழற்றி உதறிச் சுருட்டிக் கூடைக்குள் போட்டுவிடுவார்கள். யாரும் அந்தச் சட்டையோடு பஸ் ஏறுவதில்லை.

சூர்யகலா ஏறுவாள். ரேஷன் கடைக்கும் போவாள், கோயிலுக்கும் போவாள். ஏனென்றால் அவள் சட்டை யாரும் கழித்துப்போட்டதில்லை. நீலத்தில் மஞ்சள் கட்டம் போட்ட துணியைத் தானே பார்த்து எடுத்து, கடைத்தெரு டெய்லர் பஞ்சநாதனிடம் கொண்டுபோய்க் கொடுத்துத் தைத்தது.

"யாருக்குக்கா? அளவுச் சட்டை எங்க?" என்று கேட்டிருக்கிறான் அவன்.

"அளவு இதோ நிக்குது பாரு. எடு."

பஞ்சநாதன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முழித்தானாம். பொம்பளைக்குச் சட்டையா, சுடிதார் டாப்பா, என்ன கணக்கு என்று அவனுக்குப் புரியவில்லை. "சட்டைன்னா சட்டைதான். முழுக்கை வை. பெரிய காலர் வை. ரெண்டு பாக்கெட், ரெண்டுக்கும் மூடி" என்று இவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். அதற்கப்புறம் சட்டை நைந்துபோகும் போதெல்லாம் அதே கட்டம், அதே காலர். ஊரில் காலர் சின்னதாகிக் காணாமலே போன காலத்திலும் இவள் காலர் மட்டும் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஜவுளிக்கடைக்காரர், "இந்தக் கட்டமெல்லாம் இப்ப வர்றதில்லம்மா" என்றால், "வர்ற வரைக்கும் தேடுங்க, நான் எங்க போகப் போறேன்" என்று படியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் அபுதாபியிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் ஏதாவது நல்ல துணி வாங்கிவருவேன். அவள் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். "அழகாத்தான் இருக்குது. பாக்கெட்டு எங்கடி? உங்க ஊரு சேக்கு பொண்டாட்டிக்கெல்லாம் சாவி, போனு எதுவும் கிடையாதா? இடுப்புல சொருகுனா விழுந்துடுது, மாருல சொருகுனா ஊரே பாக்குது."

அந்தப் பாக்கெட்டுகளில் அவளுடைய குடும்பமே இருந்திருக்கிறது. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி பரத்துக்கு மூக்கு ஒழுகுகிற வயசு. இவள்தான் வளர்த்தாள். அவனுடைய கோலி, பென்சில் துண்டு, இருமல் மாத்திரை எல்லாம் வலப்பக்கப் பாக்கெட்டில் கிடக்கும். இவள் உப்பளத்துக்குப் போகிற வழியில் அவன் இந்தச் சட்டையின் கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனான். பிறகு டிப்ளமா படித்தான், புதுச்சேரியில் ஒரு செல்போன் கடையில் மேனேஜர் ஆனான். வானூரில் உரக்கடை வைத்திருப்பவரின் மகள் கிருபாவைப் பேசி முடித்தார்கள். பேசப்போனபோது அவன் அக்காவைக் கூட்டிப்போகவில்லை. வேலை நாள் என்று ஒரு காரணம் சொன்னான். அவளும் நம்பினாள்.

கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன். முந்தின வாரமே மண்டபத்துக்குத் திரும்புகிற முனையில் பேனர் கட்டிவிட்டார்கள். நடுவில் பொண்ணு மாப்பிள்ளை, சுற்றி இரண்டு வீட்டு ஆட்களும் வட்ட வட்டமாக. உப்பளத்திலிருந்து திரும்பும்போது கூட வேலை செய்கிற பாப்பாத்திதான் முதலில் பார்த்தாள்.

"ஏ கலா, உன் கை எப்படி வெளுத்துச்சு? என்னா சோப்புடி? எனக்கும் சொல்லேன்."

சூர்யகலா அண்ணாந்து பார்த்தாள். முகம் அவளுடையதுதான். உப்பின் கூச்சத்துக்குச் சுருங்கின கண், கறுத்த கன்னம். கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. அரக்குப் பட்டுப்புடவை, காசுமாலை, மருதாணி வைத்த சிவந்த கைகள் இரண்டும் குவிந்து வணக்கம் வைத்தன. ஏதோ நகைக்கடை விளம்பரக்காரியின் உடம்பு. கழுத்தோடு வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"மோதிரம் கூட புதுசா இருக்குது" என்றாள் பாப்பாத்தி. மற்ற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சூர்யகலாவும் சேர்ந்து சிரித்தாள் என்று பாப்பாத்தி பிற்பாடு சொன்னாள். "அந்தச் சிரிப்பைப் பாத்ததும் எனக்கு பயம் வந்துட்டுதும்மா."

சாயங்காலம் பரத் பத்திரிகைக் கட்டோடு வந்தபோது நான் அவள் வீட்டில்தான் இருந்தேன்.

"டேய், யாருடா அவ?" என்றாள் இவள்.

"யாருக்கா?"

"என் மூஞ்சிக்குக் கீழ நிக்கிறவ."

அவன் என்னைப் பார்த்தான். "டிசைனர் போட்டுட்டான்க்கா. உன் போட்டோ எதை எடுத்தாலும் அந்தச் சட்டைதான் இருக்குது. நான் என்னா பண்றது?"

"அப்பிடியே போட வேண்டிதானே?"

"எல்லாரும் பட்டுல நிப்பாங்க, நீ மட்டும் ஆம்பளை சட்டையில நிப்பியா? கிருபா வீட்டாளுங்க என்னா நெனைப்பாங்க? இத பாருக்கா, மண்டபத்துக்கு மட்டும் அதை எடுத்துனு வராத. நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே கலர்ல செட்டுப் புடவை எடுத்திருக்கேன். அதைக் கட்டிக்கினு வா. அந்தக் கந்தலை ஒரு நாளைக்காவது கழட்டிப் போடு."

கந்தல் என்றான். அவள் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

கல்யாணத்துக்கென்று வந்த இடத்தில் சண்டை என்றால் எனக்கு ஆகாது. "விடு கலா. தம்பிதானே" என்றேன்.

"தம்பின்னுதான்டி விடமாட்டேன். வேற எவனாவது செஞ்சிருந்தா பேனரைக் கிழிச்சிட்டுப் போயிருப்பேன்." சட்டையை மடியில் போட்டு நீவினாள். "என் கழுத்தை வெட்டிட்டு எவ கழுத்திலயோ ஒட்டினான் இல்ல? அவன் கழுத்து குனியணும். ஊரு பாக்கணும். மூணு முடிச்சுல மொத முடிச்சுதான் மாப்பிள்ளைது. மிச்சம் ரெண்டும் நாத்தனாருது. நான் போய்க் கட்டற வரைக்கும் அவன் கயித்தை விட முடியுமா? மஞ்சக் கயிறு, வழுக்கினு வந்துடும். குனிஞ்சே நிக்கட்டும்."

"கட்டமாட்டியா?"

"கட்டுவேன்டி, நல்லாவே கட்டுவேன். மெதுவா கட்டுவேன்."

மறுநாள் அவளோடு பஞ்சநாதன் கடைக்குப் போனேன். எல்லாரும் பட்டன் காஜாவைத் தளர்த்தித் தரச் சொல்வார்கள். இவள் இறுக்கித் தரச் சொன்னாள்.

"பட்டன் நுழையாதுக்கா" என்றான் பஞ்சநாதன்.

"நுழையணும். ஆனா ஒடனே நுழையக் கூடாது."

"எதுக்குக்கா?"

"என் தம்பி கல்யாணம்டா."

அவன் ஒன்றும் புரியாமல் ஊசியில் நூல் கோத்தான். வேலை முடிந்ததும் அவள் அங்கேயே ஒரு பட்டனைப் போட்டுப் பார்த்தாள். திணறித்தான் போயிற்று. திருப்தியாகத் தலையாட்டினாள்.

கல்யாணத்தன்று அவள் செட்டுப் புடவையில்தான் வந்தாள். வெங்காயக் கலர் புடவை, தலை நிறையப் பூ. கையில் ஒரு மஞ்சப்பை. பரத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. மணவறையிலிருந்தே, "அக்கா, சூப்பரா இருக்கே!" என்றான்.

"எல்லாம் நீ செஞ்சதுதான்டா" என்றாள் இவள்.

நான் வாசல் பக்கமாக ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை பறந்தது. பரத் கிருபாவின் கழுத்தைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து முதல் முடிச்சைப் போட்டான். அடுத்ததற்கு அக்காவைத் தேடினான். அவள் மேடைப் படிக்குக் கீழே நின்று மஞ்சப்பையைத் திறந்துகொண்டிருந்தாள். சலவைக்குப் போட்டு இஸ்திரி வைத்த நீலச் சட்டை வெளியே வந்தது. உதறி, புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். மேல் பட்டனிலிருந்து ஆரம்பித்தாள்.

"நாத்தனார் எங்கம்மா? நாத்தனார் வாங்க!" என்றார் ஐயர்.

"வரேன் ஐயரே. பட்டன் போட வேணாமா? சபைக்கு வர்ற பொம்பளை தொறந்து போட்டுனு வருவாளா?"

நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்து வாசித்தார். நிறுத்தவும் முடியாது, முடிக்கவும் முடியாது. அட்சதை தீர்ந்துபோய் ஜனங்கள் வெறுங்கையோடு நின்றார்கள். பரத் வளைந்த முதுகோடு இரண்டு விரலால் முடிச்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கை இல்லை.

"அக்கா, சீக்கிரம் வாக்கா."

"எந்த அக்காடா?" என்றாள் அவள், பட்டனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேனர்ல நிக்கிறவளைக் கூப்பிடு. அவ கைதான் செவப்பா அழகா இருக்குது. கும்பிட்டுனு சும்மாதானே நிக்கிறா?"

மாமனார் எழுந்தார். கூட்டத்தில் யாரோ, "என்னாங்க சம்பந்தி வீட்டுல பிரச்சினை?" என்றார்கள். பாப்பாத்தி தன் நாற்காலியிலிருந்து, "ஒன்னுமில்லீங்க, பட்டன் டைட்டு" என்றாள்.

"அக்கா, நீதான்க்கா. வாக்கா" என்றான் பரத்.

"கேக்கலடா. மேளம் அடிக்குது."

"அந்தச் சட்டை போட்டுனு நிக்கிறவதான் எங்க அக்கா!" என்று அவன் கத்தினான். தவில்காரர் வேடிக்கை பார்க்கிற ஆசையில் கையை நிறுத்தியிருந்தார். மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

கிருபாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவள் அம்மா முந்தானையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, அதே முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவந்து உட்கார்ந்தாள்.

சூர்யகலா கடைசிப் பட்டனையும் போட்டாள். பிறகு கை பட்டன்களையும் போட்டாள். மேடையேறி, குனிந்துகிடந்த தம்பியின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, உப்பு மூட்டையின் வாயைக் கட்டுகிற மாதிரி இரண்டு முடிச்சுகளை இறுக்கிப் போட்டாள். "இப்ப நிமிருடா" என்றாள்.

அதோடு முடிந்திருக்கலாம். பரத் முடிக்கவிடவில்லை. பந்தியில் அக்கா பக்கம் திரும்பவில்லை, மறுவீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஸ்டூடியோவுக்கே போய் உட்கார்ந்து, ஆல்பத்தில் எங்கெல்லாம் அந்தச் சட்டை தெரிகிறதோ அங்கெல்லாம் வெட்டச் சொல்லியிருக்கிறான். குடும்பப் போட்டோவில் அவள் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி முளைத்தது. எல்லாவற்றையும் கிருபாதான் போன் செய்து இவளிடம் சொன்னாள்.

"வெட்டிட்டானா? எல்லாத்தையும்?"

"ஒரு போட்டோவை மட்டும் முடியலைங்க அண்ணி" என்றாளாம் கிருபா.

தாலி கட்டுகிற போட்டோவைத்தான் முடியவில்லை. கல்யாணப் போட்டோக்காரர் முடிச்சுப் போடும்போது கிட்டே வந்து எடுத்தது அது ஒன்றுதான். கிருபாவின் குனிந்த கழுத்து, மஞ்சள் கயிறு, மேலே இரண்டு கைகள். சூர்யகலாவின் முகத்தை வெட்டிவிட்டார்கள். கையை வெட்டினால் தாலி அந்தரத்தில் தொங்கும். அதனால் நீலத்தில் மஞ்சள் கட்டம் போட்ட சட்டைக் கையும், உப்பில் வெடித்த கறுத்த விரல்களும் அப்படியே இருந்தன. கிருபா அதைப் பெரிதாக ஃப்ரேம் போட்டு, புதுச்சேரி வீட்டில் கதவைத் திறந்ததும் எதிரே தெரிகிற சுவரில் மாட்டினாள்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். "என்னாங்க, தாலி முடிச்சை ஆம்பளை போடறாரு? யாரு இது?" பரத் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் மோசமாக நினைப்பார்கள்.

இது தெரிந்ததும் சூர்யகலா ஆள் அனுப்ப ஆரம்பித்தாள். ஊரிலிருந்து யார் ஆஸ்பத்திரிக்கோ துணி எடுக்கவோ புதுச்சேரிக்குக் கிளம்பினாலும் கருவாட்டுப் பொட்டலம் ஒன்று கொடுத்தாள். "எங்க தம்பி வீட்டுல குடுத்துட்டு வாங்க. சுவத்துல ஒரு போட்டோ இருக்குது. யாரு கைன்னு கேளுங்க. கேக்காம வராதீங்க." கேட்டுவிட்டு வந்தவர்களிடம் அவன் முகம் எப்படி மாறியது, சோறு போட்டானா, போன் வந்த மாதிரி எழுந்து போனானா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாள். மழைக்காலத்தில் பாத்தியில் வேலை இல்லாதபோது ஆள் போக்குவரத்து இன்னும் அதிகமாம்.

அடுத்த லீவில் என் முறை வந்தது. மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். பொட்டலத்தை என் பையில் திணித்துவிட்டாள். பஸ்ஸில் போகும்போதே, கேட்கக் கூடாது, கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். பரத்தான் கதவைத் திறந்தான். கருவாட்டு வாசனையிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

"உன்னையும் அனுப்பிச்சிட்டுதா அருளக்கா?"

நான் போட்டோவைப் பார்க்காமல் நிற்கப் பார்த்தேன். முடியவில்லை. அவ்வளவு பெரிசு.

"கேளு" என்றான்.

"நான் எதுவும் கேக்கலப்பா."

"நீ கேக்காம போனா அது இன்னொரு ஆளை அனுப்பும்." சுவரைப் பார்க்காமல் சொன்னான். "எங்க அக்கா கை. போதுமா?"

சமையலறையிலிருந்து கிருபாவின் சிரிப்புக் கேட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் போன் வந்துவிட்டது. எங்கேயோ உப்பளத்தின் நடுவிலிருந்து பேசினாள், காற்று இரைந்தது.

"என்னா சொன்னான்?"

"எங்க அக்கா கைன்னான்."

"சத்தமா சொன்னானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் எனக்கு வராது. "இல்ல. மெதுவாத்தான் சொன்னான்."



"சரி" என்றாள். "நாளைக்குப் பாப்பாத்திய அனுப்பறேன்."