என் கையில் இருந்த இன்னொருவர் ஓட்டு

கண்ணுங்களா, கூட்டம் முடிந்து வந்த அன்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள்: "அப்பா ஒரே ஆளுதானே, எப்படி ரெண்டு ஓட்டு?" அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்பதால் சின்னச் சின்ன வரியாக எழுதுகிறேன்.

நம் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு. சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால், எனக்குப் பதிலாக இன்னார் போடலாம் என்று கையெழுத்திட்டுக் கடிதம் கொடுக்கலாம். அதற்குப் பிராக்ஸி என்று பெயர். புனேயில் பல கட்டடங்களில் இது செல்லாது. நம் விதியில் உண்டு. கூட்டம் தொடங்குமுன் கடிதம் செயலாளர் கைக்குப் போய்விட வேண்டும்.

நமக்கு மேல்வீட்டுக்காரர் கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டவர். நானும் தமிழ் ஆள் என்பதால் எனக்குக் கடிதம் அனுப்பினார்.

கூட்டத்தில் ஒரே விஷயம்தான். முதல் மாடி மராட்டிக்காரருக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார் அல்லவா? லிஃப்டுக்கும் வாசலுக்கும் நடுவே ஐந்து படி. பிசியோதெரபிக்குப் போக இரண்டு பேர் நாற்காலியைத் தூக்க வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் போவதில்லை. படியோரம் ஒரு சாய்வுப்பாதை கட்டித் தரும்படி அவர் மனைவி எழுதிக் கேட்டிருந்தார். கட்டினால் கோயம்புத்தூர்க்காரரின் கார் நிற்கும் இடத்தில் பாதி போகும்.

அவர் போனில் தெளிவாகச் சொன்னார்: "பாவந்தானுங்க, இல்லீங்கல. ஆனா நாளைக்கு வீட்ட விக்கறப்ப பார்க்கிங் இல்லீன்னா எவன் வாங்குவான்? நம்ம ஓட்ட வேண்டாம்னே போட்டுருங்க."

உங்கள் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, மடிச்சுப் போடற சீட்டுதானே? யாருக்குத் தெரியப் போவுது? ரெண்டையும் வேணும்னு போட்டுருங்க."

"அது அவரு ஓட்டு."

"அப்ப நீங்க என்ன, தபால்காரரா?"

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழே பார்க்கிங்கில் கூடினோம். மராட்டிக்காரரின் மனைவி என்னைப் பார்த்ததும், "அண்ணா, ஆப்கே பாஸ் தோ ஓட் ஹை நா?" என்றார். உங்களிடம் இரண்டு ஓட்டு இருக்கிறதல்லவா என்று இரண்டையும் நம்பித்தான் கேட்டார். "ஏக் பக்கா, வஹினி" என்றேன். ஒன்று நிச்சயம், அண்ணி என்று சொன்னேனே தவிர, மற்றதைப் பற்றிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

செயலாளர் எனக்கு இரண்டு சீட்டு கொடுத்தார். என்னுடையதில் வேண்டும் என்று எழுதினேன். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அரே அண்ணா, போர்டு எக்ஸாமா எழுதறீங்க? சீக்கிரம்!" என்று செயலாளர் இந்தியில் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

வேண்டாம் என்று எழுதி, மடித்து, மூடியில் கீறல் போட்ட மிட்டாய் டப்பாவில் இரண்டையும் போட்டேன்.

எண்ணினார்கள். வேண்டும் பதினொன்று. வேண்டாம் பதினொன்று. சரிபாதி வந்தால் தீர்மானம் தோற்றது என்று விதி.

நான் அந்த அம்மாளிடம் போய், "ஒண்ணு என்னோடது, உங்களுக்குத்தான் போட்டேன். இன்னொண்ணு என்னோடது இல்ல. அவர் சொன்னபடி போட்டேன்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "டீக் ஹை, அண்ணா" என்று, சரி என்பதுபோல் சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார்.

சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் பெரியவர்களாகி முடிவு செய்யுங்கள்.

அன்று சாயந்திரம் நீங்கள் விளையாடப் போயிருந்தீர்கள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். ஒரு காகிதத்தில் சாகணில் நான் வேலை செய்யும் கம்பெனியின் ஷிப்டுகளை எழுதினேன்: முதல் ஷிப்டு வாரம் நாலரைக்கு மேல் வீட்டில் இருப்பேன், இரண்டாம் ஷிப்டு வாரம் மதியம் ஒரு மணி வரை. கீழே போன் நம்பரும், நாற்காலியைத் தூக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று ஒரு வரியும். முதல் மாடிக்கு இறங்கிப் போய், மணியை அடிக்காமல், கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன்.